கறுப்பினப் பிள்ளைகளிடம் அவர்களைப் பற்றி வரும் கதைகளைப் பேசுவது எப்படி?

அமெரிக்காவில் பள்ளியிலோ நூலகத்திலோ கறுப்பினப் பதின்வயதுப் பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சினிமாவும் செய்தியும் புத்தகமும் அவர்களை எப்படிக் காட்டுகின்றன, அதைப் பார்த்து அவர்கள் தங்களை என்னவாக நினைத்துக்கொள்கிறார்கள் என்று அவர்களிடமே பேசவேண்டும். ஆனால் பாடம் எடுக்கிற வாடை வந்தால் கதை முடிந்தது.

தயவுசெய்து பொம்மை ஆய்வில் ஆரம்பிக்காதீர்கள். 1940களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதி, 3 முதல் 7 வயதுக் கறுப்பினக் குழந்தைகளிடம் நிறம் மட்டும் வேறான பொம்மைகளைக் காட்டி எது நல்லது என்று கேட்டார்கள், நிறையப் பேர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954 தீர்ப்பே இந்த ஆய்வைக் குறிப்பிட்டது. பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் 15 வயதுப் பையனிடம் எடுத்த எடுப்பில் இதைச் சொன்னால், 'உனக்கு ஏதோ குறை' என்றுதான் அவன் காதில் விழும்.

கையில் இருக்கிற போனிலிருந்து ஆரம்பியுங்கள். 2014இல் மிசூரி மாநிலத்தின் ஃபெர்குசன் நகரில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்டபோது, கறுப்பின இளைஞர்கள் தங்களுடைய இரண்டு படங்களை அருகருகே போட்டு, 'என்னைச் சுட்டிருந்தால் ஊடகம் இதில் எதைப் போடும்?' என்று கேட்டார்கள். பட்டமளிப்பு உடையில் ஒன்று, நண்பர்களோடு கூத்தடிக்கையில் எடுத்தது இன்னொன்று. அதையே செய்யச் சொல்லுங்கள். படத்தை யாருக்கும் காட்டவேண்டிய கட்டாயம் இல்லை, மனதுக்குள் தேர்ந்தெடுத்தாலே போதும். அப்புறம் கத்ரீனா புயலுக்கு வாருங்கள். 2005இல் வெள்ளத்தில் உணவுப் பொருளோடு நடந்த கறுப்பின இளைஞன் படத்தின் கீழே 'கொள்ளையடித்து' என்றும், அதேபோல் நடந்த வெள்ளையர் இருவர் படத்தின் கீழே 'கண்டெடுத்து' என்றும் அச்சானது. எழுதியவை வெவ்வேறு செய்தி நிறுவனங்கள். கூடிப் பேசாமலே அப்படி வந்தது எப்படி என்று கேட்டுவிட்டு, நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள்.

புத்தக அலமாரியை எண்ணுவது எளிது. விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழந்தை நூல் மையம் 1985இல் எண்ணியபோது, அந்த ஆண்டு வந்த சுமார் 2,500 சிறுவர் நூல்களில் கறுப்பினத்தவர் படைத்தவை வெறும் 18. உங்கள் அலமாரியை அவர்களே எண்ணட்டும். எண்ணிவிட்டு அதோடு விடாதீர்கள்: இந்தக் கதையில் வரும் கறுப்பினப் பெண்ணுக்கு வீடு இருக்கிறதா, அற்பமான கவலை ஏதாவது உண்டா, அவள் சிரிக்கிறாளா? அடிமை வாழ்வும் சாவும் மட்டுமே உள்ள அலமாரி எனக்குப் பிடிக்காது. எண்ணிக்கை சரியாகவே இருந்தாலும்.

இன்னொன்று, 'கறுப்பினம்' ஒரே அச்சு இல்லை. ஒருத்தியின் முன்னோர் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமைகளாக இருந்திருப்பார்கள், பக்கத்தில் இருக்கிறவனின் அப்பா நைஜீரியாவின் லாகோஸிலிருந்து வந்திருப்பார். இருவரையும் ஒரே கேள்வியில் அடைக்காதீர்கள்.

கடைசியில் அவர்களே கதை சொல்லட்டும். 1827இல் நியூயார்க்கில் வந்த முதல் கறுப்பினப் பத்திரிகை 'ஃப்ரீடம்ஸ் ஜர்னல்', 'எங்கள் வழக்கை நாங்களே வாதாட விரும்புகிறோம்' என்றுதான் ஆரம்பித்தது. 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ்காரர் ஒருவரின் முழங்காலடியில் இறந்ததும் மினியாபொலிஸ் போலீஸ் விட்ட முதல் அறிக்கை அதை 'மருத்துவச் சம்பவம்' என்றது. நடந்ததை உலகம் பார்த்தது 17 வயது டார்னெல்லா ஃபிரேசியர் போனில் எடுத்த வீடியோவால். அந்த வீடியோவை வகுப்பில் போடாதீர்கள், அவர்கள் ஏற்கெனவே தேவைக்கு மேல் பார்த்திருப்பார்கள். போலீஸ் அறிக்கையிலிருந்து இரண்டு வாக்கியங்கள் போதும்.

பயிற்சி இவ்வளவுதான்: வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் 10 நிமிடம் பேசிப் பதிவு செய்வது. 'என் வயதில் சாயங்காலம் என்ன செய்வீர்கள்?' என்று சாதாரணமாகக் கேட்கச் சொல்லுங்கள், போராட்டக் கதையைக் கேட்டுப் பிடுங்கவேண்டாம், வருவதானால் தானே வரும். பதிவு பிள்ளையின் போனிலேயே இருக்கட்டும், உங்களுக்குப் பிரதி வேண்டுமென்றால் பேசிய அந்த மூத்தவரிடம் கேட்டு வாங்குங்கள்.