மலைநாட்டுக் குளிரில் இஞ்சி பியர்

வீட்டில் பியர் தயாரிக்க ஆசைப்படுவோர் இலங்கையில் முதலில் நினைவில் கொள்ளவேண்டியது, 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரமின்றி மதுபானம் தயாரிப்பது குற்றம் என்பதாகும். ஆனால், நொதித்தலின் நுணுக்கங்களைப் பழகிக்கொள்ள இஞ்சி பியரே போதும். இதிலும் சிறிதளவு மதுசாரம் உண்டாகும் என்பதால், நாட்கணக்கில் புளிக்கவிடாமல் வாயு சேர்ந்தவுடனேயே குளிரூட்டிவிட வேண்டும்; சிறுவர்களுக்குக் கொடுக்காமலிருப்பது நல்லது.

தயிருக்கு உறை ஊற்றுவதைப்போல இதற்கும் ஓர் உறை தேவை. அகன்ற வாயுடைய போத்தலில், கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் ஒன்றரைக் கோப்பை ஊற்றி, தோலுடன் துருவிய இஞ்சியும் சீனியும் ஒவ்வொரு மேசைக்கரண்டி சேர்த்துக் கலக்கி, மெல்லிய துணியால் வாயைக் கட்டிவையுங்கள். நொதிக்கவைக்கும் ஈஸ்ட் இஞ்சியின் தோலிலேயே இருப்பதால் தோலைச் சீவக்கூடாது. மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீரானாலும் குழாய்த் தண்ணீரானாலும் கொதிக்கவைத்த பின்பே பயன்படுத்துங்கள். நாள்தோறும் அதே அளவு இஞ்சியும் சீனியும் சேர்த்துக் கிளறி வாருங்கள்.

இங்கேதான் பலரும் பொறுமை இழக்கிறார்கள். வெப்பமான ஊர்களுக்காக எழுதப்பட்ட குறிப்புகள் நான்கைந்து நாட்களில் உறை தயாராகிவிடும் என்று சொல்லும். சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகையாக இருக்கும் நுவரெலியாவிலோ அதற்கு எட்டுப் பத்து நாட்களும் ஆகலாம். ஆகவே நாட்காட்டியை விட்டுவிட்டுப் போத்தலைப் பாருங்கள். கிளறியதும் சீறும் ஓசை கேட்டு, துருவல் மேலே மிதந்து, விளிம்பைச் சுற்றி வெண்ணுரை கட்டி, புளிப்பும் காரமும் கலந்த மணம் வந்தால் உறை பிடித்துவிட்டது. பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சணம் படர்ந்தால் தயங்காமல் கொட்டிவிட வேண்டும். அடுப்பங்கரையின் இளஞ்சூடு உறைக்கு நல்லது, அடுப்பின் மேற்தட்டு அல்ல.

அடுத்து, இடித்த இஞ்சி 100 கிராம், சீனி 200 கிராம், நான்கைந்து கிராம்பு ஆகியவற்றை ஒரு லீற்றர் தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டி, கொதித்து ஆறிய தண்ணீர் இன்னொரு லீற்றரும் இரண்டு தேசிக்காயின் சாறும் சேருங்கள். சூடு அதிகமானால் ஈஸ்ட் இறந்துவிடும் என்பதால், பாத்திரத்தின் வெளிப்புறத்தைத் தொட்டால் சூடே தெரியாத நிலைக்கு ஆறிய பின்பு, வடிகட்டிய உறையில் அரைக் கோப்பை ஊற்றிக் கலக்கவும்.

குளிர்பானம் வந்த பிளாஸ்டிக் போத்தல்களை நன்றாகக் கழுவி, கழுத்தில் இரண்டு விரற்கடை இடம் விட்டு நிரப்புங்கள். கண்ணாடிப் போத்தல் வேண்டாம். முதன்முறை நான் கண்ணாடியில் அடைத்து அடுப்பின் மேற்தட்டில் வைத்து மறந்துபோனேன்; நடுச்சாமத்தில் அது வெடித்த சத்தத்தில் பக்கத்து லயக் காம்பராவினரும் எழுந்துவிட்டார்கள். பிளாஸ்டிக்கில் அழுத்தம் எவ்வளவு என்பதைக் கையே சொல்லிவிடும்: நிரப்பிய அன்று நசுங்கும் போத்தல், இரண்டு முதல் ஐந்து நாட்களுக்குள் அழுத்தினாலும் குழியாத அளவுக்கு விறைத்துவிடும். தினமும் காலையும் மாலையும் அழுத்திப் பாருங்கள். விறைத்த அன்றே குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஒரு வாரத்துக்குள், மூடியைச் சிறிது சிறிதாகத் திருகித் திறந்து குடித்து முடியுங்கள்.