வாக்காளர் சேர்ப்பு முகாமைத் தேர்தல் வரை தள்ளிப் போடாதீர்கள்

கல்லூரி அரசியல் மன்றங்கள் வாக்காளர் சேர்ப்பு முகாமை ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகிய தகுதி நாள்களுக்கு (18 வயது நிறைந்துவிட்டதா என்று கணக்கிடும் நாள்கள்) முந்தைய வாரங்களில், விடுதி உணவுக்கூட வாசலில், ஒரு மேசையும் இரு நாற்காலியும் போட்டு நடத்துவது நல்லது. 2022 முதல் ஆண்டுக்கு நான்கு தகுதி நாள்கள் நடைமுறையில் இருப்பதாலும், 17 வயது நிறைந்தவர்கள் புதிதாகப் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6-ஐ முன்கூட்டியே அளிக்கலாம் என்பதாலும், முதலாண்டு மாணவர்கள் பலர் பயன்பெறுவார்கள். விடுதி முகவரியில் பதிவு செய்யக் கல்லூரியின் போனஃபைடு சான்றிதழ் வேண்டும். ஒவ்வொருவராக அலுவலகத்துக்கு அலைவதைவிட, பெயர், பதிவெண், அறை எண் கொண்ட ஒரே பட்டியலை மன்றமே கொடுத்து மொத்தமாகக் கையொப்பம் பெற்றுவிட்டால் எல்லோருக்கும் பல நாள்கள் மிச்சமாகும். மேசையில் கட்சிக் கொடியோ சின்னமோ வேண்டாம். மாற்றுக் கருத்துடைய மாணவரும் தயங்காமல் வர வேண்டும் என்பதே முக்கியம்.

சொந்த ஊர்ப் பட்டியலில் ஏற்கெனவே பெயர் உள்ளவர்களுக்குப் படிவம் 6 பொருந்தாது; இரண்டு இடங்களில் பதிவு செய்யச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பதால், முகவரியை மாற்ற விரும்பினால் அவர்கள் படிவம் 8 அளிக்க வேண்டும். வேட்புமனு தாக்கலின் கடைசி நாள் கடந்துவிட்டால், அந்தத் தேர்தலுக்குப் புதிய பெயர் எதுவும் சேர்க்கப்படாது.