மெர்ஃபோக் டெக் கட்டலாம்: ஓர் இனத்துக்கான நல்ல அட்டைகளைத் தேடும் வழி

மேஜிக் த கேதரிங் என்ற அட்டை விளையாட்டை ஆடத் தொடங்குபவர்கள் தங்கள் டெக்குக்கு, அதாவது அட்டைக்கட்டுக்கு, பெரும்பாலும் ஓர் இனத்தைப் பிடித்துக்கொள்வார்கள்: எல்ஃப், காப்ளின், டிராகன். பாம்பன், மண்டபம் பக்கத்துப் பிள்ளைகள் கடல் உயிரினங்களைத்தான் கேட்பார்கள். ஆகவே எடுத்துக்காட்டும் கடலிலிருந்தே.

முதலில் இனம். படத்தைப் பார்த்தால் கிராக்கனும் லெவியத்தானும்தான் மனதைப் பறிக்கும். ஆனால் அவற்றில் பலவற்றை இறக்க ஆறு, ஏழு மானா, அதாவது நில அட்டைகள் தரும் ஆற்றல், வேண்டும். அத்தனை நிலம் சேர்வதற்குள் எதிராளி ஆட்டத்தை முடித்துவிடுவார். மெர்ஃபோக் என்னும் கடல் மாந்தர்களில் நல்லவை ஒன்று முதல் மூன்று மானாவுக்குள் இறங்கிவிடும். புதியவர்களுக்கு அதுவே ஏற்றது.

அடுத்து தேடல். மேஜிக் அட்டைகளைத் தேடித் தரும் ஸ்கிரைஃபால் தளத்தின் அட்வான்ஸ்டு சர்ச் பக்கத்தைத் திறந்தால் ‘டெக்ஸ்ட்’ (அட்டையின் திறனைச் சொல்லும் வாசகம்), ‘டைப் லைன்’ (அட்டையின் இனத்தைச் சொல்லும் வரி) என இரண்டு கட்டங்கள் இருக்கும். எல்லோரும் டைப் லைனில் மெர்ஃபோக் என்று இட்டு, நூற்றுக்கணக்கான அட்டைகள் வந்து குவிந்ததும் மலைத்துப்போவார்கள். நீங்கள் டெக்ஸ்ட் கட்டத்தில் இடுங்கள், அட்டையில் உள்ள ஆங்கில எழுத்திலேயே. மெர்ஃபோக்காக இருக்கும் அட்டை வேறு. மெர்ஃபோக்கைப் பற்றிப் பேசும் அட்டை வேறு. டெக்குக்கு உயிர் கொடுப்பது இரண்டாவது வகை.

அப்படிக் கிடைக்கும் லார்ட் ஆஃப் அட்லாண்டிஸ் 1993இல் வந்த முதல் தொகுப்பிலேயே இருந்தது. இரண்டு நீல மானா, 2/2: முதல் எண் தாக்கும் வலு, இரண்டாவது தாங்கும் வலு. மற்ற மெர்ஃபோக் அனைத்துக்கும் +1/+1 தரும். எதிராளியிடம் தீவு நிலம் இருந்தால் அவற்றைத் தடுக்கவும் முடியாது. (ராமேசுவரத்துக்காரர்கள் இந்த அட்டையிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!) 2012இல் வந்த மாஸ்டர் ஆஃப் த பேர்ல் ட்ரைடென்டும் இதே வேலையைச் செய்யும், ஆனால் உங்கள் மெர்ஃபோக்குக்கு மட்டும். லார்ட் அப்படிப் பாகுபாடு பார்க்காது. அண்ணனும் தம்பியும் ஒரே இன டெக்கோடு மோதினால் அண்ணனின் லார்ட் தம்பியின் படையையும் வளர்க்கும். 2007இல் வந்த, அதுபோலவே +1/+1 தரும் மெர்ரோ ரீஜெரியையும் சேர்த்து மூன்றும் களத்தில் நின்றால் ஒவ்வொன்றும் 4/4. ஒரே தாக்குதலில் 12 புள்ளி. எதிராளியின் தொடக்க உயிரே 20தான்.

எதிராளியிடம் தீவு இல்லையென்றால்? ஸ்ப்ரெடிங் சீஸ் அட்டையை அவருடைய நிலம் ஒன்றின் மேல் வையுங்கள். அது தீவாகிவிடும், உங்களுக்கு ஓர் அட்டையும் கிடைக்கும். இது மெர்ஃபோக் அல்ல. மெர்ஃபோக் என்ற பெயரும் இதில் இல்லை. இதனால்தான் இனப்பெயரோடு தேடலை நிறுத்தக் கூடாது என்கிறேன். லார்ட் எதை எதிர்பார்க்கிறது என்று பார்த்து, அந்தச் சொல்லைக் கொண்டு இன்னொரு முறை தேட வேண்டும்.

அதே டெக்ஸ்ட் கட்டத்தில் ‘சூஸ் எ கிரியேச்சர் டைப்’ என்ற தொடரையும் தேடுங்கள். நீங்கள் சொல்லும் இனத்துக்கு உழைக்கும் அட்டைகள் வரும். கேவர்ன் ஆஃப் சோல்ஸ் அவற்றில் ஒன்று. சேஞ்ச்லிங் என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். அந்த உயிரினங்கள் எல்லா இனத்தையும் சேர்ந்தவை, ஆனால் டைப் லைனில் மெர்ஃபோக் என்று இருக்காது, தேடலில் நழுவிவிடும்.

இப்போதுதான் டைப் லைன். நிறம் நீலம், நீங்கள் ஆடும் ஃபார்மட் (எந்தெந்த அட்டைகள் செல்லும் என்ற ஆட்ட முறை) இரண்டையும் குறியுங்கள். ஏலத்துக்கு முன் கூடை மீனைத் தரம் பிரிப்பதுபோல, வந்தவற்றைக் கழித்துக்கொண்டே போகலாம். சில்வர்கில் அடெப்ட் களமிறங்கும்போதே ஓர் அட்டை தருகிறது: வைத்துக்கொள்ளுங்கள். கர்ஸ்கேச்சர் ஒரே மானாவுக்கு எதிராளியின் மந்திரத்தைத் தடுக்கப் பார்க்கும்: அதுவும் வேண்டும். மெர்ஃபோக் ஆஃப் த பேர்ல் ட்ரைடென்ட், 1/1: பெயரில் முத்து இருக்கிறது, திறன் என்று எதுவும் இல்லை. கீழக்கரை முத்து வணிகர்கள் வழிவந்தவராக இருந்தாலும் கழித்துவிடுங்கள்.

60 அட்டை டெக்கில், அடிப்படை நிலம் தவிர எந்த அட்டையும் நான்குக்கு மேல் கூடாது. 28 மெர்ஃபோக், 20 நிலம், 12 மற்றவை என்று தொடங்குங்கள். மியூட்டாவால்ட் என்ற நிலம் மெர்ஃபோக்காகவும் மாறிச் சண்டையிடும். விலை கட்டாவிட்டால் சாதாரணத் தீவே போதும்.

வாங்கும் முன் அட்டைகளைக் காகிதத்தில் அச்சிட்டு, நண்பர்களோடு ஆடிப் பாருங்கள். அதிகாரபூர்வப் போட்டிகளில் அச்சுப் பிரதிகள் செல்லாது. வீட்டுத் திண்ணையில் யாரும் கேட்கப்போவதில்லை. பிடித்திருந்தால், மற்ற மெர்ஃபோக்குக்கு வலு சேர்க்கும் லார்டுகளை முதலில் வாங்குங்கள். மின்னும் ஃபாயில் அட்டைகள் மட்டும் வேண்டாம்: நம் கடற்காற்றின் ஈரத்தில் அவை அப்பளம்போல் வளைந்துவிடும்.