விடுப்பில் பாய்மரப் படகை நீண்ட பயணத்துக்குத் தயார் செய்வது எப்படி?

விடுப்பின் முதல் நாள் காலையில் கை தானாக வார்னிஷ் டப்பாவைத் தேடும். தேட விடாதீர்கள். என் முதல் விடுப்பில் ஒன்பது நாள் மரப்பலகை தேய்ப்பதிலேயே போனது. பத்தாம் நாள் கழிவறைக்குக் கீழே இருந்த கடல்நீர் வால்வைத் திருப்பினேன். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. படகு பளபளவென்று கரையிலேயே நின்றது. அதிலிருந்து என் வரிசை இதுதான்: தண்ணீர் உள்ளே வரக்கூடாது, பாய்மரம் சாயக்கூடாது, மற்றதெல்லாம் அப்புறம்.

1. அடித்துளைகள்

படகைக் கரையேற்றியதும் அடியில் கடல்நீர் வந்துபோகும் துளைகள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுங்கள். ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு வால்வு இருக்க வேண்டும்; அதைக் கையாலேயே திறந்து மூட முடிய வேண்டும். பித்தளை வால்வு என்றால் கத்தியால் லேசாகச் சுரண்டுங்கள். மஞ்சளாக மின்னினால் சரி. இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அதிலிருந்த துத்தநாகம் அரித்துப் போய்விட்டது, யோசிக்காமல் மாற்றுங்கள். ஹோஸ் மாட்டும் இடத்தில் இடமிருந்தால் இரண்டு கிளாம்ப் போடுங்கள். பக்கத்திலேயே அந்தத் துளைக்குப் பொருந்தும் மரத்தக்கை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். நீர்மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே 38 மி.மீ. துளை ஒன்று திறந்துகொண்டால் நிமிடத்துக்கு 100 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். அந்த நேரத்தில் தக்கையைத் தேடி அலமாரியைக் குடைய முடியாது.

2. பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள்

ஒரு டிஷ்யூ பேப்பரைக் கம்பியைச் சுற்றிப் பிடித்துக் கீழிருந்து மேலாக இழுங்கள். எங்காவது நார் சிக்கினால் அங்கே ஓர் இழை அறுந்திருக்கிறது. பெரும்பாலான படகுகளில் ஒரு கம்பிக்கு 19 இழைகள். ஒன்றுதானே என்று விடாதீர்கள், முழுக் கம்பியையும் மாற்ற வேண்டும். கம்பியின் கீழ்முனையை லென்ஸ் வைத்தே பாருங்கள். உப்புத்தண்ணீர் தேங்குவது அங்கேதான், முதலில் விரிசல் விடுவதும் அங்கேதான். பத்து வருடம் தாண்டிய கம்பி என்றால் விவரம் தெரிந்தவரை அழைத்துக் காட்டிவிடுங்கள்.

3. எஞ்சினும் பேட்டரியும்

எஞ்சினைக் குளிர்விக்கும் பம்பின் இம்பெல்லரை, அதாவது தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரத்தை, புதிதாக மாற்றி, கூடுதலாக ஒன்றை எடுத்து வையுங்கள். டேங்கின் அடியிலிருந்து டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துச் சற்று நேரம் வைத்தால், தண்ணீர் கலந்திருப்பது அடியில் தனியாகத் தெரியும். சார்ஜ் ஏறி ஓய்ந்த ஈய-அமில பேட்டரி 12.7 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது.

4. உயிர்காப்புச் சாமான்கள்

406 மெகாஹெர்ட்ஸ் அவசர சிக்னல் கருவி உங்கள் படகின் பெயரில் பதிவாகியிருக்கிறதா, அதன் பேட்டரி தேதி முடியவில்லையா என்று பாருங்கள். பழைய படகை வாங்கியவர்கள் தவறவிடுவது இந்தப் பதிவைத்தான். காற்றடைக்கும் வகை லைஃப் ஜாக்கெட்டின் கேஸ் சிலிண்டரைக் கையால் முறுக்கிப் பாருங்கள், சில நேரம் தளர்ந்திருக்கும்.

5. ஒத்திகை

கடைசி இரண்டு நாளை எந்த வேலைக்கும் கொடுக்காதீர்கள். சாமான் முழுவதையும் ஏற்றிக்கொண்டு, காற்று கொஞ்சம் பலமாக இருக்கும் நாளில், ஓர் இரவு முழுக்கப் பாய் விரித்து ஓட்டுங்கள். தலைமாட்டில் ஜன்னல் ஒழுகினால் சாக்பீஸால் அங்கேயே வட்டம் போட்டு வையுங்கள். காலையில் காய்ந்துவிட்டால் எந்த மூலை என்று கண்டுபிடிக்க முடியாது.