மஞ்சள் நிறம் வந்துவிட்டது, மருந்து எவ்வளவு வந்தது?

"சார், கம்பெனிக்காரங்க தாராளமா போட்டிருக்காங்க. 139 பர்சென்ட் வருது!"

வடசென்னையில் ஒரு பார்மசி லேபில் பிராக்டிகல் எடுப்பவன் நான். மாத்திரையில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று நிறத்தை வைத்து அளப்பதுதான் பாடம். அன்று கையிலிருந்தது 5 மி.கி. அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரை. பையனின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஸ்டாண்டர்டுக்கு, அதாவது ஒப்பிட்டுப் பார்க்கும் அளவு தெரிந்த கரைசலுக்கு, அவன் எடை போட்டது அம்லோடிபின் பெசிலேட் உப்பு; அதை முழுக்க அம்லோடிபின் என்றே கணக்கில் வைத்துவிட்டான். அட்டையில் அச்சிட்டிருப்பதோ அம்லோடிபின் கணக்கு. 6.93 மி.கி. பெசிலேட்டில் இருப்பது 5 மி.கி. அம்லோடிபின்தான். 6.93-ஐ 5-ஆல் வகுத்தால் அவனுடைய 139 வந்துவிடுகிறது. நிறத்தை அளந்த கருவி பாவம், சரியாகத்தான் சொல்லியிருந்தது.

முறை இதுதான். அம்லோடிபின் போன்ற அமீன் (நைட்ரஜன் உள்ள காரத்தன்மை) வகை மருந்து அமில பஃபரில், அதாவது அமிலத்தன்மை மாறாமல் நிற்கும் கரைசலில், நேர்மின்னேற்றம் பெறும். புரோமோகிரசால் கிரீன் போன்ற டை (சாயம்) எதிர்மின்னேற்றத்தோடு இருக்கும். இரண்டும் ஜோடி சேர்ந்து மஞ்சளாகக் குளோரோஃபார்முக்குள் இறங்கிவிடும். ஜோடி கிடைக்காத டை மேலே தண்ணீரிலேயே நிற்கும்.

ஆனால் டைக்கு நம் மருந்தைத் தெரியாது. நேர்மின்னேற்றத்தோடு எது வந்தாலும் ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை மருந்தே சேர்க்காத ஒப்பீட்டுக் கரைசல் (பிளாங்க்) பளிச்சென்று மஞ்சளாக வந்தது. டையைக் குறை சொன்னோம், பஃபரைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கினோம், மஞ்சள் போகவில்லை. கடைசியில் பார்த்தால், நேர்மின்னேற்றம் கொண்ட செட்ரிமைடு கலந்த கிருமிநாசினியில், குலுக்கிப் பிரிக்கும் ஃபனலைக் கழுவி, ஒரே ஒரு அலசலோடு கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். சாதாரண சோப்புத்தூள் மிச்சம் நேர் எதிர்: மருந்தை அது பிடித்துக்கொள்ளும், நிறம் குறையும். கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில், அதுவும் இரண்டு மூன்று முறை. அதனால்தான் வெறும் குளோரோஃபார்மை பிளாங்காக வைக்காதீர்கள் என்று தொண்டை வற்றக் கத்துகிறேன். மருந்தைத் தவிர மற்ற எல்லாம் போட்டு, அதே நேரம் குலுக்கிப் பிரித்ததுதான் பிளாங்க்.

பஃபரின் பி.எச். (அமிலத்தன்மையின் அளவு) பெரும்பாலும் 3-லிருந்து 4-க்குள் வைப்பார்கள். மிகவும் இறங்கினால் டை தனியாகவே குளோரோஃபார்முக்குள் நுழையும்; ஏறினால் ஜோடி சரியாக அமையாது. போன வாரத்து பஃபரை மீட்டரில் பார்க்காமல் ஊற்றாதீர்கள்.

குலுக்குவதில் வீரம் வேண்டாம். பால் மாதிரி கலங்கிவிட்டால் அடுக்கு பிரியக் காத்திருந்தே பொழுது போய்விடும். பிரிந்த குளோரோஃபார்மிலும் கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகள் இருக்கும். அவை ஒளியைச் சிதறடித்து ரீடிங்கைக் கூட்டிவிடும். அந்த ஈரத்தை உறிஞ்சத்தான் நீரற்ற சோடியம் சல்பேட். எங்கள் ராயபுரம், காசிமேடு கடல்காற்றில் மூடியைத் திறந்து வைத்தால், அதுவே ஈரம் இழுத்துக் கட்டி தட்டிவிடும். கட்டி விழுந்ததைப் போட்டுப் பயனில்லை.

கருவியில் ஒளியின் அலைநீளம் வைப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. கரைசல் மஞ்சள், ஆகவே 580 நானோமீட்டர் என்று வருடம் தவறாமல் ஒருவர் வைப்பார். மஞ்சளாகத் தெரிவது ஊதா, நீலப் பக்கத்தை அது விழுங்குவதால்தான். 415-ஐ ஒட்டித் தேடுங்கள்; உச்சத்தை உங்கள் கருவியிலேயே ஸ்கேன் செய்து உறுதி செய்யுங்கள்.

அப்சார்பன்ஸ் (ஒளியை விழுங்கும் அளவு) 1.6 வந்தால், உள்ளே போன ஒளியில் இரண்டரை சதவீதம்தான் மறுபுறம் வந்திருக்கிறது. அதை நம்பாதீர்கள். பிரித்தெடுத்த மஞ்சள் நிறக் கரைசலில் மேலும் குளோரோஃபார்ம் ஊற்றி நீர்க்கச் செய்வதும் சரியான வழி அல்ல. அவ்வளவு மருந்துக்கு டை போதாமல் போயிருக்கலாம். மருந்துக் கரைசலையே நீர்க்கச் செய்து முதலிலிருந்து தொடங்குங்கள். 0.2-லிருந்து 0.8-க்குள் வந்தால் நிம்மதி.

பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் குவெட்டில் (கருவிக்குள் வைக்கும் சிறு குப்பியில்) குளோரோஃபார்ம் ஊற்றினால் அது கரையும், மங்கும். கண்ணாடியே எடுங்கள், மூடியோடு. சித்திரை வெயிலில் திறந்து வைத்த குளோரோஃபார்ம் ஆவியாகிக்கொண்டே இருக்கும், ரீடிங் மெல்ல ஏறும்.

வேலை முடிந்ததும் குவெட்டை அசிட்டோனில் அலசி, அதையும் குளோரோஃபார்ம் கழிவுப் பாட்டிலிலேயே ஊற்றுகிறவர்கள் உண்டு. டை கரைக்க எடுத்த சோடியம் ஹைட்ராக்சைடு மிச்சமும் அதில் சேர்ந்தால் பாட்டில் சூடேறி வெடிக்கக்கூடும். அசிட்டோனுக்குத் தனிப் பாட்டில் வையுங்கள்.