ஹேர்மிஸுக்கு இறங்கும் முன்: மட்டக்களப்பில் டைவ் படகைத் தெரிவு செய்தல்

மட்டக்களப்புக் கடலில் சுமார் 53 மீற்றர் ஆழத்தில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் இடப்பக்கமாகச் சரிந்து கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சில் அது மூழ்கியபோது 307 பேர் உயிரிழந்தனர். நூற்றுக்கணக்கான முறை கடலுக்குள் இறங்கிய சுழியோடிகள் விடுமுறைக்கு இலங்கை வரும்போது இந்தக் கப்பலைப் பார்த்துவிட ஆசைப்படுவது இயல்பே. ஆனால் பொழுதுபோக்குச் சுழியோடலுக்கு வகுக்கப்பட்ட 40 மீற்றர் எல்லைக்கும் கீழே இது கிடப்பதால், பாசிக்குடாவில் பவளப்பாறை காட்டக் கூட்டிச் செல்லும் படகே இதற்கும் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. அனுபவம் கூடக் கூட நாம் நம்முடைய திறமையைத்தான் எடைபோடுகிறோம்; நம்மை இறக்கிவிட்டு மேலே காத்திருப்பவரை எடைபோட மறந்துவிடுகிறோம்.

முன்பதிவுக்கு எழுதும்போது விலையைக் கேட்பதற்கு முன்னால், ஹேர்மிஸுக்கு எந்த வாயுக் கலவை தருவீர்கள் என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலிலேயே பாதி விடயம் தெரிந்துவிடும். 32 சதவீத நைட்ராக்ஸ், அதாவது ஒட்சிசனை 32 சதவீதமாகக் கூட்டிய காற்று, தருகிறோம் என்று யாராவது பதில் எழுதினால் அவர்களோடு அந்தக் கப்பலுக்குப் போகாதீர்கள். அந்த ஆழத்தில் மொத்த அழுத்தம் ஏறத்தாழ 6.3 பார் (மேற்பரப்பில் அது சுமார் 1 பார்) என்பதால், அக்கலவையில் ஒட்சிசனின் பகுதியழுத்தம் (மொத்த அழுத்தத்தில் அதன் பங்கு) 2 பாரைத் தொட்டுவிடும். 1.4 பாரைத் தாண்டக் கூடாது என்பது வழக்கமான எல்லை. அதற்கு மேல் போகப் போக நீருக்கடியில் வலிப்பு வரும் ஆபத்து கூடுகிறது. சாதாரணக் காற்றென்றால் அது 1.3 பார் அளவில் நிற்கும், ஆனால் நைதரசன் தரும் மயக்கம் சிந்தனையை மந்தமாக்கும். அந்த மயக்கத்தைக் குறைக்க ஹீலியம் கலந்த ட்ரைமிக்ஸ் கிடைக்குமா, கிடைக்குமென்றால் எத்தனை வாரம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுவது நல்லது.

அடுத்தது அளவு. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லீற்றர் மூச்செடுப்பவர் 50 மீற்றரில் 120 லீற்றர் எடுப்பார். 200 பாருக்கு நிரப்பிய 12 லீற்றர் சிலிண்டரில் இருப்பது 2,400 லீற்றர். அது முழுவதுமே அங்கே 20 நிமிடத்தில் தீர்ந்துவிடும், மேலே வருவதற்கும், உடலில் கரைந்த வாயு மெல்ல வெளியேற வழியில் காத்து நிற்கும் கட்டாய நிறுத்தங்களுக்கும் எதுவும் மிஞ்சாது. ஆகவே இரட்டைச் சிலிண்டரும், நிறுத்தங்களுக்கென்று தனியான வாயுவும் இல்லாத நிறுவனம் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் இந்தப் பயணத்துக்கு உரியதல்ல.

முடிந்தால் ஒரு நாள் முன்னதாகவே போய், காற்று நிரப்பும் அறையைப் பாருங்கள். கம்பிரசர் காற்றை உள்ளிழுக்கும் குழாய் எங்கே முடிகிறது, மின்சாரம் தடைப்பட்டால் ஓடும் ஜெனரேட்டரின் புகைக்குழாய் எங்கே இருக்கிறது என்ற இரண்டையும் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே சுவரோரம் இருந்தால் காபன் மொனொக்சைட்டு சிலிண்டருக்குள் போக வழி இருக்கிறது. அதற்கு மணமும் இல்லை; ஆழம் கூடும்போது அதன் நஞ்சும் கூடும். வடிகட்டி மாற்றிய திகதிகளை எழுதிவைத்த கொப்பி எண்ணெய்க் கறையோடு சுவரில் தொங்குமானால் எனக்கு மனம் ஆறுதலடையும். கலவையை நீங்களே அளந்து, அளவையும் திகதியையும் சிலிண்டரில் ஒட்டிய நாடாவில் எழுத விடுகிறார்களா என்பதும் முக்கியம்.

இனிப் படகோட்டி. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு கரையில், எங்களை இறக்கிவிட்ட படகோட்டி அங்கேயே தூண்டில் போட உட்கார்ந்துவிட்டார். நாங்கள் இறங்கு கயிற்றைத் தவறவிட்டோம். செம்மஞ்சள் மிதவையை மேலே அனுப்பிவிட்டு 6 மீற்றரில் நிறுத்தத்தை முடிக்கும் வரை, தலைக்கு மேல் இஞ்சின் சத்தம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. மேலே வந்தபோது படகு தீப்பெட்டி அளவில் தெரிந்தது. அவர் எங்களைக் காண அரை மணி நேரத்துக்கு மேலாயிற்று. மட்டக்களப்பில் நான் பின்னர் கண்ட ஒரு படகோட்டி, கயிற்றில் கட்டிய வெற்றுக் கான் பாதி அமிழ்ந்து, அதன் இருபுறமும் நீர் கோடு கிழித்து ஓடுவதைப் பார்த்துவிட்டு, "தண்ணி இழுக்குது, கொஞ்சம் பொறுங்க" என்றார். ஆயத்தமாக இருந்த ஆறு பேரையும் அவர் முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார். முன்பதிவு செய்யும்போது இப்படிப்பட்ட ஒருவரின் பெயரைத்தான் விசாரிக்க வேண்டும். நாங்கள் கயிற்றை விட்டு விலகினால் என்ன செய்வீர்கள் என்று அவரிடமே கேளுங்கள். உரிமையாளர் குறுக்கிட்டுப் பதில் சொன்னால், படகோட்டிக்கு அது தெரியாது என்றே கொள்ளலாம்.

படகில் ஒட்சிசன் இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். எத்தனை லீற்றர் என்று கேளுங்கள். நிமிடத்துக்கு 15 லீற்றர் வீதம் கொடுத்தால் 400 லீற்றர் சிலிண்டர் அரை மணி நேரம்கூடத் தாங்காது. அதற்குள் படகு கரைக்கு வந்து வாகனமும் ஏற முடியுமா என்று கணக்குப் பாருங்கள். வேகமாக மேலே வந்து நோயுற்ற சுழியோடியை மீண்டும் அழுத்தத்தில் வைத்துச் சிகிச்சை செய்யும் அமுக்க அறை எங்கே இருக்கிறது, இப்போது இயங்குகிறதா என்பதற்கும் தடுமாறாத பதில் வேண்டும். ஆட்களைப் பெயர் சொல்லி எண்ணுகிறார்களா என்பதையும் கவனியுங்கள். 1998 இல் அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் ஒரு தம்பதியைக் கடலில் விட்டுவிட்டுப் படகு திரும்பியது. அவர்கள் இல்லை என்பது இரண்டு நாட்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

முதல் நாளே ஹேர்மிஸுக்குக் கூட்டிப் போகிறோம் என்பவரைவிட, கல்குடாப் பக்கம் சுமார் 25 மீற்றரில் கிடக்கும் பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பலில் முதலில் உங்களைப் பார்க்க வேண்டும் என்பவரே மேல். அதுவும் அதே நாளில் மூழ்கியதுதான். எத்தனை சான்றிதழ் இருந்தாலும் இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; உங்களோடு வரப்போகும் முன்பின் தெரியாத சுழியோடியையும் அவர் அப்படியே சோதித்திருப்பார். கப்பலிலிருந்து நினைவுப்பொருள் எடுத்துத் தருவதாகச் சொல்பவரை அங்கேயே விட்டுவிடுங்கள். அது 307 பேரின் சாவு நிகழ்ந்த இடம்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் போவதில் பயனில்லை. பருவத்துக்குள்ளும் கடல் இடங்கொடாத நாட்கள் உண்டு. ஆகவே, படகு போகாவிட்டால் பணம் திரும்புமா, அல்லது வேறு நாள் தரப்படுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பணத்தைத் திருப்பித் தர மனமில்லாத நிறுவனம், மோசமான காலையிலும் படகைத் தள்ளத்தான் பார்க்கும். ஹேர்மிஸுக்கென்று ஒரு நாளை மட்டும் ஒதுக்காமல் நான்கு நாட்களாவது வையுங்கள். கடைசிச் சுழியோடலுக்கும் கட்டுநாயக்கவில் விமானம் ஏறுவதற்கும் இடையில் 24 மணி நேரமாவது இருக்கும்படி திட்டமிடுங்கள்.