நடு எஞ்சின் காரும் குறைந்துகொண்டே போன கூலன்டும்

எடை குறைந்த, இருக்கைகளுக்குப் பின்னால் எஞ்சின் அமைந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியபோது, பெயின்டையும் டயரையும் குனிந்து குனிந்து பார்த்த நான், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் தொட்டியைத் திறந்தே பார்க்கவில்லை. மூன்றாவது வாரத்தில் கூலன்ட் குறையத் தொடங்கியது. தரையிலோ ஒரு சொட்டுக்கூட இல்லை. ஆயில் மூடியின் அடியில் வெளிர்பழுப்பாக, பாலாடை போலப் படிந்திருந்ததை விரலால் வழித்தபோதுதான் சந்தேகம் ஹெட் கேஸ்கட்டின் மேல், அதாவது எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருந்து ஆயிலும் கூலன்டும் கலக்காமல் தடுக்கும் தகட்டின் மேல், திரும்பியது. (குறைந்த தூரமே ஓடும் கார்களில் வெறும் ஈரப்பதத்தாலும் இப்படிப் படியும் என்பதால், இதை மட்டும் நம்பி எஞ்சினைப் பிரிப்பது அவசரபுத்தி.) சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனையில் 4 சிலிண்டர்களில் ஒன்றில் மட்டும் அழுத்தம் இறங்கியிருந்தது, கூலன்ட் தொட்டியின் வாயில் பொருத்திய சோதனைக் குழாயில் நீலத் திரவம் மஞ்சளானதும், எரிந்த வாயு கூலன்டுக்குள் கசிவது உறுதியாயிற்று.

ஹெட்டைக் கழற்றி, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அளந்து, வளைந்திருந்ததால் லேத்தில் கொடுத்து மட்டம் செய்து, புதிய கேஸ்கட்டையும் போல்ட்டுகளையும் பூட்டி, கையேட்டில் உள்ள வரிசைப்படியே முறுக்கினோம்.

ஆனால் மூல காரணம் வேறு என்பது என் கணிப்பு. ரேடியேட்டர் முன்னாலும் எஞ்சின் பின்னாலும் இருக்கும் காரில், நீண்ட குழாய்களுக்குள் காற்று சிக்கினால் ஹெட்டின் ஒரு பகுதி கூலன்ட் இல்லாமல் கொதிக்க, சென்சார் நனையாததால் வெப்ப முள் அசையாமலே நிற்கும். எனவே கூலன்டை மெதுவாக ஊற்றி, காற்றை வெளியேற்றும் திருகுகளில் குமிழி வருவது நிற்கும்வரை காத்திருந்து மூடினேன். அதன்பின் தொட்டியின் குறி இறங்கவில்லை.